இண்டஸ்ட்ரியல் மியூசிக்கை அடிவேர்லருந்து கேட்டுப் பழகுறது எப்படி

இண்டஸ்ட்ரியல் மியூசிக், அதாவது மெஷின் சத்தம், டேப், இரைச்சல் இதையெல்லாம் வச்சுப் பண்ற இசை, அது பக்கம் வர்றவங்க பெரும்பாலும் நைன் இன்ச் நெயில்ஸ், மினிஸ்ட்ரி, ராம்ஸ்டைன்ங்கற பேண்டுகள்ல ஏதோ ஒண்ணு வழியாத்தான் வர்றாங்க, நானும் அப்படித்தான் வந்தேன். அப்புறம் இதோட ஆரம்பம் எதுன்னு பாப்போமேன்னு த்ராபிங் கிரிஸில்ங்கற இங்கிலாந்து பேண்டோட முதல் ஆல்பத்தைப் போடுவோம், ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடுவோம். திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் ரிஃப் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, பல்லவி சரணம்னு பிடிச்சுக்க ஒண்ணுமே கிடையாது, கிணத்துக்குள்ளருந்து யாரோ பேசற மாதிரி ஒரு குரல், பின்னாடி ஓயாம ஒரு உறுமல், அவ்ளோதான். நான் அதை அன்னைக்கு மூடி வச்சவன் திரும்ப எடுக்க மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம்னுதான் இதை இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

எனக்கு அப்போ யாரும் சொல்லாத ஒரே விஷயம் இதுதான்: இதை ஒரு சவுண்டா நினைச்சு தேடாதீங்க. 1970கள்ல இதை ஆரம்பிச்சவங்களோட சவுண்ட் ஒருத்தரோடது இன்னொருத்தர் மாதிரி இருக்காது. எல்லாருக்கும் பொதுவா இருந்தது வேலை செஞ்ச விதம். கையில கிடைச்ச மெஷினை வச்சு, இருக்கற ரூம்லயே ரெக்கார்ட் பண்ணி, பெரிய கம்பெனி வாசல்ல போய் நிக்காம ரெக்கார்டு வெளியிட தாங்களே லேபிள் ஆரம்பிச்சு, தபால்ல அனுப்பி வித்தாங்க. அதனால எந்த ரெக்கார்டை எடுத்தாலும் முதல்ல மூணு கேள்வி கேளுங்க. எந்த இடத்துல பண்ணாங்க, எந்த கருவியில பண்ணாங்க, யார் வெளியிட்டாங்க. இது மூணும் தெரிஞ்சிட்டா அதுவரைக்கும் வெறும் இரைச்சலா இருந்தது பிரிஞ்சு பிரிஞ்சு கேட்க ஆரம்பிக்கும், நான் அனுபவிச்சு சொல்றேன்.

இரைச்சல்ங்கற வார்த்தையையே பாருங்க, பாட்டைப் பத்தி சொன்னா திட்டு, ஆனா கடல் இரைச்சல், மழை இரைச்சல்னு சொல்லும்போது அதுல திட்டே இல்ல, உக்காந்து கேட்டுட்டே இருக்கலாம்ங்கற அர்த்தம்தான் வருது. அந்த காதோட வாங்க.

முதல் வாரம்: காதைத் தயார் பண்றது

முதல் நாளே த்ராபிங் கிரிஸில் வேண்டாம். 1948-ல பாரிஸ்ல பியர் ஷெஃபர்னு ஒரு ரேடியோ இன்ஜினியர், பாட்டின்யோல் ஸ்டேஷன்ல ரயில் சத்தங்களைப் பதிவு பண்ணி, அதை வெட்டி ஒட்டி, சுத்த விட்டு ஒரு இசைத்துண்டு பண்ணார், பேரு எட்யூட் ஓ ஷெமான் த ஃபேர், மூணு நிமிஷம்கூட இருக்காது. அப்போ அவர்கிட்ட டேப் கூட கிடையாது, டிஸ்க்லதான் பண்ணார், ஊசி ஓடற ஒரு க்ரூவ் திரும்பத் திரும்ப சுத்தற மாதிரி பூட்டி வச்சு லூப் எடுத்தார். இதை ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு ஏழு நாள் கேளுங்க. முதல் ரெண்டு நாள் ரயில்தான் கேட்கும். நாலாவது நாள் ரயில் மறைஞ்சு தாளம் கேட்கும். அந்த மாற்றம் உங்க காதுல நடக்கறது ரொம்ப முக்கியம், மீதி எல்லாமே அது மேலதான் நிக்குது.

இதுக்கும் முன்னாடி 1913-லயே இத்தாலியில லூயிஜி ருசோலோங்கற ஓவியர், ஆர்கெஸ்ட்ரா சத்தம் பழசாயிடுச்சு, இனிமே மெஷின் சத்தத்துலருந்துதான் இசை வரணும்னு ஒரு அறிக்கை எழுதி, இன்டோனாருமோரின்னு பெட்டி பெட்டியா இரைச்சல் கருவிகளைக் கட்டினார். அது எதுவும் இன்னைக்கு மிஞ்சல. ஆனா அந்த அறிக்கை மிஞ்சிச்சு, அது சின்னதுதான், ஒரே உட்காரல்ல படிச்சிடலாம், படிச்சிடுங்க.

வால்யூம் விஷயத்தை இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இந்த மியூசிக்கை சத்தமா வச்சாத்தான் புரியும்னு ஒரு பேச்சு இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பான எல்லைன்னு வேலையிடப் பாதுகாப்பை ஆராயற அமெரிக்காவோட நயோஷ் அமைப்பு சொல்லுது, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் வந்தா 15 நிமிஷம்தான். நேர்ல கச்சேரிக்குப் போனா இயர்ப்ளக் இல்லாம உள்ள போகாதீங்க. வீட்ல ஹெட்ஃபோன்ல கேட்டா, ரூம்ல யாராவது பேசினா உங்களுக்குக் கேட்கற அளவுக்கு வைங்க போதும். இந்த ரெக்கார்டுகள்ல இருக்கற நல்ல விஷயங்கள் பாதி அடியில மெதுவா நடக்குது, வால்யூமை ஏத்தினா அதுதான் முதல்ல அமுங்கிப் போகும்.

ரெண்டாவது: ஹாக்னி, ஒரு பேஸ்மெண்ட், நாலு பேர்

இங்க நிறைய நேரம் எடுத்துக்கங்க, அவசரமே வேண்டாம்.

1969-ல இங்கிலாந்துல ஹல்ங்கற துறைமுக ஊர்ல கூம் டிரான்ஸ்மிஷன்ஸ்னு ஒரு கலைக்குழு ஆரம்பிக்குது, ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜும் கோசி ஃபேனி டூட்டியும் அதுல முக்கியமானவங்க. அப்புறம் லண்டன் வந்து ஹாக்னியில மார்ட்டெல்லோ ஸ்ட்ரீட்ல ஒரு பழைய தொழிற்கூட கட்டடத்தோட பேஸ்மெண்ட்ல இடம் பிடிக்கறாங்க, அதுக்கு டெத் ஃபேக்டரின்னு பேர் வைக்கறாங்க. ஆல்பம் கவர் டிசைன் பண்ற ஹிப்னோசிஸ் கம்பெனியில வேலை பார்த்த பீட்டர் கிறிஸ்டோஃபர்சன் சேர்றார், டிவி ஸ்டுடியோக்கள்ல சவுண்ட் வேலை பார்த்துட்டு வீட்ல தானே சிந்தசைசர் கட்டிட்டு இருந்த கிறிஸ் கார்ட்டர் சேர்றார், 1975 செப்டம்பர்ல த்ராபிங் கிரிஸில் ஆரம்பம். டிரம்மர் வேண்டாம்னு வேணும்னே முடிவு பண்ணாங்க, டிரம்மர் வந்தா தன்னால ராக் பேண்ட் ஆயிடும்ல, அதுக்காக.

கருவிகளைக் கவனிங்க. கோசி வாசிச்சது மலிவான ஒரு கிட்டார், கூடவே ட்ரம்பெட் மாதிரி ஊதற கார்னெட். கார்ட்டர் கட்டின கிரிஸ்லைசர்ங்கற எஃபெக்ட் பாக்ஸ்தான் இவங்க சவுண்டோட கையெழுத்து, அந்த நடுங்கற உறுமல் அதுலருந்து வருது. கிறிஸ்டோஃபர்சன்கிட்ட ஒரு கீபோர்டு இருந்துச்சு, ஒவ்வொரு கீயை அழுத்தினா ஒவ்வொரு கேசட் பிளேயர் ஓடும், கேசட்ல தெருப் பேச்சு, டிவி, யாரோ யார்கிட்டயோ பேசினது எல்லாம் இருக்கும். பதிவு பண்ண சத்தத்தைக் கீ அழுத்தி வாசிக்கற சாம்ப்ளர் மெஷின் யார் கைக்கும் எட்டாத காலத்துல ஒரு சாம்ப்ளர்! இதைத் தெரிஞ்சுகிட்டு கேட்டாத்தான் அந்த "கிணத்துக்குள்ள குரல்" என்னன்னு விளங்குது.

கேட்கற வரிசை எப்படின்னா, வெளிவந்த வரிசையில போகாதீங்க, தலைகீழா போங்க. முதல்ல 1979-ல வந்த 20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ். கவர்ல நாலு பேரும் புல்வெளியில பூக்கள் நடுவுல சிரிச்சுட்டு நிப்பாங்க, ஏதோ விலை மலிவான ஈஸி லிசனிங் ரெக்கார்டு மாதிரி இருக்கும். அந்த இடம் பீச்சி ஹெட், தற்கொலைகளுக்குப் பேர் போன கடலோர செங்குத்துப் பாறை. இப்போ கவரைத் திரும்பப் பாருங்க. இந்த பேண்ட் வேலை செய்யற விதமே இதுதான், ஒரு தகவல் தெரிஞ்சதும் அதே படம் வேற படமாயிடும். இந்த ஆல்பத்துல ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப் லவ்னு ஒரு டிராக், கோசி கிசுகிசுப்பா பாடுவாங்க, சுத்தமான சிந்தசைசர் தாளம், பின்னாடி பத்து வருஷம் கழிச்சு வரப்போற டெக்னோ எல்லாம் அதுல தெரியும். இது பிடிக்காதவங்களை நான் இதுவரைக்கும் பாக்கல.

அடுத்து 1978-ல வந்த டிஓஏ. அதுல ஹாம்பர்கர் லேடி இருக்கு. அதைப் பத்தி எதுவும் படிக்காம ஒரு தடவை கேளுங்க, வரிகளைத் தேடாதீங்க, சைரன் மாதிரி மேலயும் கீழயும் போற அந்த சத்தம் வயித்துல என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனிங்க. அப்புறம் தெரிஞ்சுக்கங்க: உடம்பு முழுக்க தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில இருக்கற ஒரு பெண்ணைப் பத்தி, அந்த வார்டைத் தெரிஞ்ச ஒருத்தர் தபால்ல அனுப்பின கடிதம்தான் அந்த வரிகள். கத்தல் கிடையாது, கோபம் கிடையாது, மெதுவா வாசிக்கறாங்க. எனக்கு இந்த முழு இயக்கத்துலயும் மனசை உலுக்கின ஒரே டிராக் எதுன்னா இதுதான், உடம்பு சரியில்லாத நாள்லயோ மனசு சரியில்லாத நாள்லயோ இதைக் கேட்காதீங்க, நிஜமாவே சொல்றேன்.

அதுக்கப்புறம்தான் 1977-ல வந்த முதல் ஆல்பம், தி செகண்ட் ஆனுவல் ரிப்போர்ட். பேரைப் பாருங்க, கம்பெனி வருடாந்திர அறிக்கை மாதிரி, கவரும் அப்படித்தான் வெள்ளையா வெறுமையா இருக்கும். முதல்ல அடிச்சது 785 காப்பிதான். ஒரு பக்கம் பெரும்பாலும் நேரடி நிகழ்ச்சியில எடுத்தது, ஒரே பாட்டு வேற வேற ரூபத்துல வரும், இன்னொரு பக்கம் முழுக்க ஒரே துண்டு, 20 நிமிஷம், கூம் எடுத்த ஒரு படத்துக்கான பின்னணி. ரெண்டாவது பக்கத்தை முதல்ல கேளுங்க. இப்போ அது ஓட வைக்காது.

இண்டஸ்ட்ரியல்ங்கற பேர் எங்கருந்து வந்துச்சுன்னா, 1976-ல இவங்க ஆரம்பிச்ச லேபிள் பேர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ், அதுக்கு "இண்டஸ்ட்ரியல் மக்களுக்கு இண்டஸ்ட்ரியல் இசை"ங்கற அர்த்தத்துல ஒரு வாசகம் போட்டுக் கொடுத்தது கலிஃபோர்னியா கலைஞர் மான்ட்டி கசாசா. ஒரு லேபிள் பேர்தான் பின்னாடி ஒரு முழு இசை வகைக்குப் பேராச்சு.

அதே 1976 அக்டோபர்ல லண்டன் ஐசிஏ கேலரியில ப்ராஸ்டிட்யூஷன்னு ஒரு கண்காட்சி வச்சாங்க, கோசி செக்ஸ் பத்திரிகைகளுக்கு மாடலா நின்ன படங்கள் அதுல முக்கியம், பொதுப்பணத்துல நடக்கற கேலரியில இதான்னு பெரிய ரகளை, நிக்கலஸ் ஃபேர்பெய்ர்ன்ங்கற கன்சர்வேட்டிவ் எம்.பி. இவங்களை "நாகரிகத்தை நாசம் பண்றவங்க"ன்னு திட்டினார். இந்தக் கதையை எல்லாரும் சொல்வாங்க, ஆனா அந்தப் படங்கள்ல இருந்த பெண்ணோட பக்கம் என்னன்னு தெரிஞ்சுக்க 2017-ல கோசி எழுதின ஆர்ட் செக்ஸ் மியூசிக்ங்கற சுயசரிதையைப் படிங்க. த்ராபிங் கிரிஸில் பத்தி ஒரே ஒரு புத்தகம் படிக்கறதா இருந்தா அதுவா இருக்கட்டும், பேண்டுக்குள்ள நடந்ததை அவங்க மறைக்காம சொல்றாங்க, அதுக்கப்புறம் ரெக்கார்டுகளும் வேற மாதிரி கேட்கும். 1981 மே மாசம் சான் ஃபிரான்சிஸ்கோவுல கடைசி நிகழ்ச்சி, அதோட கலைச்சிட்டு பணி முடிஞ்சதுன்னு தபால் அட்டை அனுப்பினாங்க.

மூணாவது: ஷெஃபீல்ட்

ஷெஃபீல்ட் இரும்பு ஊர், ஸ்டீல் ஊர். அங்க 1973-ல கிறிஸ் வாட்சன், ரிச்சர்ட் எச். கிர்க், ஸ்டீஃபன் மாலிண்டர்னு மூணு பேர் வாட்சன் வீட்டு மாடி அறையில டேப் ரெக்கார்டர்களை வச்சு விளையாட ஆரம்பிச்சதுதான் கேபரே வோல்டேர். பேரு 1916-ல ஜூரிச்ல டாடாயிசம்ங்கற கலக கலை இயக்கத்துக்காரங்க நடத்தின கிளப்போட பேரு. வாட்சன் டெலிஃபோன் இன்ஜினியர், யாரும் மியூசிக் படிச்சவங்க இல்ல. 1975-ல முதல் நிகழ்ச்சியில தாளத்துக்கு என்ன போட்டாங்க தெரியுமா, ஒரு நீராவி சம்மட்டி அடிக்கற சத்தத்தோட டேப் லூப்! கூட்டம் மேடையில ஏறி அடிச்சிடுச்சு, மாலிண்டர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாச்சு.

இவங்க ரெக்கார்டுகளை 1979-ல வந்த நாக் நாக் நாக்ல ஆரம்பிங்க, நாலரை நிமிஷம் சொச்சம், வேகமான மலிவான டிரம் மெஷின், கரகரப்புல முங்கின குரல். அப்புறம் நேரா 1981-ல வந்த ரெட் மெக்கா. செய்திகள்ல வந்த மதவெறி, கலவரம் எல்லாம் அதுல புகை மாதிரி சுத்திட்டு இருக்கும், யாரும் பிரசங்கம் பண்ண மாட்டாங்க. த்ராபிங் கிரிஸில் உங்களை உக்கார வச்சு பயமுறுத்தும்னா கேபரே வோல்டேர் நடக்க வைக்கும், நைட்ல தனியா நடக்கும்போது கேட்கறதுக்கு இதைவிட எனக்கு ஒண்ணும் கிடையாது. வாட்சன் 1981-ல பேண்டை விட்டுட்டு டைன் டீஸ் டெலிவிஷன்ல சவுண்ட் வேலைக்குப் போயிட்டார், அவர்கிட்ட கடைசியில திரும்ப வருவோம், மறந்துடாதீங்க.

ரெண்டு குழுவுக்கும் பொதுவான ஒரு சாமான் இருக்கு, கட்-அப். 1959-ல பாரிஸ்ல பிரையன் கைசின்ங்கற ஓவியர் ஏதோ வெட்டும்போது கீழ இருந்த நியூஸ்பேப்பரும் சேர்ந்து வெட்டுப்பட, துண்டுகளை மாத்தி வச்சுப் படிச்சா புதுசா அர்த்தம் வந்துச்சு, அதை எழுத்தாளர் வில்லியம் பரோஸ் எடுத்து எழுத்துக்கும் அப்புறம் டேப்புக்கும் கொண்டு போனார். பரோஸோட டேப் சோதனைகளை 1981-ல ஒரு ஆல்பமா வெளியிட்டது யாருன்னு பாத்தா, அதே இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்தான். இவங்க டிராக்ல திடீர்னு ஒரு டிவி குரல் நடுவுல வெட்டி விழும்ல, அது அலங்காரத்துக்கு இல்ல, டிவியும் பேப்பரும் நம்மள எப்படி ஆட்டி வைக்குதுன்னு பிரிச்சுக் காட்டறதுக்கான கத்தரிக்கோல் அது.

நாலாவது: இரும்பு

சிந்தசைசர், டேப் போதும், இப்போ நிஜ இரும்புக்கு வாங்க. மேற்கு பெர்லின், 1980 ஏப்ரல் 1, ஐன்ஸ்டுர்ட்சண்டே நோய்பவுட்டன்ங்கற பேண்டோட முதல் நிகழ்ச்சி. பேருக்கு அர்த்தம் இடிஞ்சு விழுகிற புதுக் கட்டடங்கள். அடுத்த மாசமே மே 21 அன்னைக்கு பெர்லின் காங்கிரஸ் ஹால்ங்கற மாநாட்டு மண்டபத்தோட கூரை நிஜமாவே இடிஞ்சு விழுந்துச்சு. பிளிக்ஸா பார்கெல்ட் பாட, என்.யூ. உன்ருகிட்ட சரியான டிரம் செட் இல்லாததால கட்டட வேலை நடக்கற இடத்துலருந்து இரும்புத் துண்டு, ஸ்ப்ரிங், தகரம்னு பொறுக்கிட்டு வந்து அடிச்சார். அதே வருஷம் ஒரு மோட்டார்வே பாலத்தோட உள் பொந்துக்குள்ள போய் ரெக்கார்ட் பண்ணாங்க. மூணு கேள்வி சொன்னேன்ல, அதுல முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது: அந்த இடம்தான் இசைக்கருவி.

1981-ல வந்த கொல்லாப்ஸ்தான் முதல் ஆல்பம், ஆனா ஆரம்பத்துக்கு 1985-ல வந்த ஹால்பர் மென்ஷ் கேளுங்க, அதுல வெறும் குரல்களை வச்சே கட்டின ஒரு பாட்டு இருக்கு, இரும்பைவிட அது கனமா இருக்கும். 1984 ஜனவரி 3, அதே ஐசிஏ, இவங்க ஆளுங்க கான்கிரீட் மிக்சர், செயின்சா, ட்ரில் எல்லாம் கொண்டு வந்து மேடையையே துளைக்க ஆரம்பிக்க, நிகழ்ச்சியை பாதியில நிறுத்திட்டாங்க.

அடுத்த பேண்ட் டெஸ்ட் டிப்பார்ட்மெண்ட், 1981, தெற்கு லண்டன் நியூ கிராஸ். இவங்களும் இரும்பு அடிச்சவங்கதான் ஆனா இவங்க நோக்கமே வேற. 1984 மார்ச்லருந்து ஒரு வருஷம் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் நடந்துச்சு, இவங்க போய் ஸ்ட்ரைக்ல இருந்த தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோட சேர்ந்து நிகழ்ச்சி பண்ணி, ஷோல்டர் டு ஷோல்டர்னு ஒரு ரெக்கார்டும் போட்டாங்க, பணம் போராட்டத்துக்கு. ஒரு பக்கம் தகர டிரம் இடி, ஒரு பக்கம் சர்ச்ல பாடற மாதிரி ஆண்களோட கூட்டுக்குரல். இண்டஸ்ட்ரியல்னா மனுஷங்களே இல்லாத மியூசிக்னு யாராவது சொன்னா இதைப் போட்டுக் காட்டுங்க, ஆலை மூடினா யாரோட வயிறு காயும்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இது வரைக்கும் வந்தவங்க மீதியைத் தாங்களே பிடிச்சுக்கலாம், சுருக்கமா சொல்றேன்: சிட்னியில மனநல மருத்துவமனை நர்ஸா வேலை பார்த்த கிரேம் ரெவல் 1978-ல ஆரம்பிச்ச எஸ்பிகே, மாட்ரிட்ல எஸ்ப்ளெண்டர் ஜியோமெட்ரிகோ, ஸ்லோவேனியாவுல ட்ரபோவ்லேங்கற நிலக்கரி ஊர்லருந்து 1980-ல வந்த லைபாக், மிலான்ல மவுரிசியோ பியாங்கி, நர்ஸ் வித் வூண்ட். எஸ்பிகேயை கடைசியா வைங்க, ரொம்ப கடினம்.

அதிர்ச்சிப் படங்களை எப்படி எடுத்துக்கறது

இதைத் தாண்டிப் போக முடியாது. இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் லோகோல சாதாரண ஃபேக்டரி மாதிரி ஒரு கட்டடம் இருக்கும், அது நாஜிகளோட ஆஷ்விட்ஸ் கொலை முகாமோட படம். த்ராபிங் கிரிஸிலோட மின்னல் சின்னம் பிரிட்டிஷ் ஃபாசிஸ்ட் கட்சியோட சின்னத்தை ஞாபகப்படுத்தும். லைபாக் ராணுவ உடையில சர்வாதிகாரம் மாதிரியே மேடையில நின்னதால, 1983-லருந்து சில வருஷம் அந்தப் பேர்ல நிகழ்ச்சி நடத்தவே தடை இருந்துச்சு. ஃபேக்டரியும் கொலைக்களமும் ஒரே மெஷின் புத்தியில ஓடுதுன்னு காட்டறதுக்காக இப்படிப் பண்ணோம்ங்கறதுதான் இவங்க தரப்பு. சில இடத்துல அது எனக்கு சரியாப் படுது. ஆனா பின்னாடி வந்த பல பேர் அந்தப் படங்களை வெறும் அலங்காரமா எடுத்தாங்க, சிலர் நிஜமாவே அந்தப் பக்கம் சாஞ்சும் போனாங்க. நான் வச்சிருக்கற அளவுகோல் இதுதான்: அந்தப் படம் அதிகாரத்தைப் பாத்து கேள்வி கேட்குதா, இல்ல அதிகாரத்தை ரசிக்குதா, செத்தவங்க அதுல மனுஷங்களா தெரியறாங்களா இல்லையா. பதில் பிடிக்கலன்னா அந்த ரெக்கார்டைக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல, அண்டர்கிரவுண்ட்னா எல்லாத்தையும் சகிச்சுக்கணும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க.

தபால்ல ஓடின உலகம்

அண்டர்கிரவுண்ட்ங்கறது இங்க ஒரு முகவரி, ஒரு ஸ்டாம்ப், ஒரு கேசட். 1976-லயே பி-ஆரிட்ஜ் மேல ஆபாச தபால் அட்டை அனுப்பினதா கேஸ் நடந்திருக்கு, அந்த அளவுக்கு இவங்க வேர், தபால்லயே கலைப்படைப்பை அனுப்பிக்கற மெயில் ஆர்ட்ல இருந்துச்சு. த்ராபிங் கிரிஸில் தங்களோட நேரடி நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கேசட்டாவே போட்டாங்க, அதையெல்லாம் சேர்த்து 24 மணி நேரத்துக்கு ஒரு சூட்கேஸ்ல வச்சு வித்தாங்க. கேட்டவங்க கடிதம் போட்டாங்க, கடிதம் போட்டவங்க தாங்களே கேசட் பண்ணி அனுப்பினாங்க, ஜெராக்ஸ் கவர், கையால ஒட்டின லேபிள், வெவ்வேறு நாட்டுல முகம் தெரியாதவங்க மாத்திக்கிட்டாங்க. 1983-ல சான் ஃபிரான்சிஸ்கோ ரீ/சர்ச் பதிப்பகம் இண்டஸ்ட்ரியல் கல்ச்சர் ஹேண்ட்புக்னு ஒண்ணு போட்டுச்சு, அதுல பேட்டி கொடுத்தவங்க என்னென்ன படிக்கறாங்கன்னு புத்தகப் பட்டியலே இருக்கும். முன்னுரையில ஜான் சாவேஜ்ங்கற இசை எழுத்தாளர் அஞ்சு அடையாளம் சொல்வார்: சொந்தக் கால்ல நிக்கற அமைப்பு, தகவல் எல்லாருக்கும் கிடைக்கணும்ங்கறது, சிந்தசைசரும் எதிர்-இசையும், இசைக்கு வெளில இருக்கற படம் எழுத்து மாதிரி விஷயங்கள், அதிர்ச்சி உத்தி. கவனிச்சீங்களா, அஞ்சுல ஒண்ணுதான் சவுண்டைப் பத்தினது.

அதனால ஒரு ரெக்கார்டு பிடிச்சா அதோட உள்தாள், நன்றி லிஸ்ட், லேபிளோட மத்த வெளியீடுகள் இதைப் பிடிச்சு நகருங்க, ஆப் காட்டற அடுத்த பாட்டை நம்பாதீங்க. சிகாகோ வாக்ஸ் டிராக்ஸ் கடை-லேபிள், பெல்ஜியம் ஃப்ரண்ட் 242, வான்கூவர் ஸ்கின்னி பப்பி, அங்கருந்து 1989-ல நைன் இன்ச் நெயில்ஸோட முதல் ஆல்பம்னு கோடு தானா இழுத்துட்டுப் போகும்.

கடைசியா, ஒண்ணு நீங்களே பண்ணுங்க

இதைப் பண்ணாம விட்டா பாதிதான் புரியும். ஸ்க்ரூ போட்ட ஒரு கேசட் எடுத்துக்கங்க, சாதாரணமா அஞ்சு ஸ்க்ரூ இருக்கும், ஒட்டின கேசட் வேண்டாம் உடைஞ்சிடும். திறந்து டேப்பை வெளில எடுத்துட்டு, ரெண்டு சக்கரத்தையும் சுத்தி, முன்னாடி, டேப்பைப் படிக்கற ஹெட் பக்கமா போற அந்தப் பாதையை ஒரு நூலால அளங்க. அந்த நீளத்துக்கு டேப்பை சாய்வா வெட்டி, ஹெட்டைப் பாக்காத பக்கத்துல டேப் ஒட்டறதுக்குன்னே இருக்கற ஸ்ப்ளைசிங் டேப் போட்டு ஒட்டி வளையமா ஆக்குங்க. சாதா செல்லோ டேப்போட பசை கசிஞ்சு ஹெட்டைக் கெடுக்கும், அவசரத்துக்குக் கூட வேண்டாம். கேசட் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், அப்போ 24 சென்டிமீட்டர் வளையம்னா சுமார் 5 நொடி லூப். ரொம்ப இறுக்கமா இருந்தா இழுத்து இழுத்து நிக்கும், தொளதொளன்னு இருந்தா கேசட் டெக் மென்னுடும், முதல் நாலஞ்சு வீணாத்தான் போகும், எனக்கு ஆறாவதுதான் ஓடுச்சு.

எதைப் பதிவு பண்றதுன்னா, உங்களைச் சுத்தி தினமும் ஓடற ஒரு மெஷின், அதுக்குப் பக்கத்துல மைக்கை வைங்க. இல்லன்னா அதிர்வை மின் சிக்னலா மாத்தற 27 மில்லிமீட்டர் பியசோ டிஸ்க் ஒண்ணு வாங்கி ஜாக் ஒயர்ல சால்டர் பண்ணி மெஷின் உடம்புலயே ஒட்டுங்க, அதான் காண்டாக்ட் மைக், கிட்டார் இன்புட்ல சொருகுங்க, சாதா இன்புட்ல போட்டா அடி சத்தம் எல்லாம் காணாமப் போயிடும். பாழடைஞ்ச ஃபேக்டரிக்குள்ள ஏறிப் போகாதீங்க, தளம் உடையும், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இரும்பு அடிக்கறதா இருந்தா காதுக்கும் கண்ணுக்கும் கையுக்கும் பாதுகாப்பு போடுங்க.

டெக்கே இல்லாதவங்க ஃபோன்ல பதிவு பண்ணி கம்ப்யூட்டர்ல லூப் போடலாம், ஆனா ஒரு கட்டுப்பாடு வச்சுக்கங்க, ஒரே லூப், அன்டூ கிடையாது. அது பத்து நிமிஷம் ஓடட்டும். அன்னைக்கு வந்த நியூஸ்பேப்பர் பக்கத்தை நாலா வெட்டி மாத்தி அடுக்கி, லூப் மேல சத்தமா வாசிங்க, நடிக்காம, செய்தி வாசிக்கற மாதிரி. அஞ்சு காப்பி போடுங்க, கவரை நீங்களே வெட்டி ஒட்டுங்க, அஞ்சு பேருக்கு தபால்ல அனுப்புங்க. ஒருத்தர்கிட்டருந்து பதில் வந்தா போதும்.

இதெல்லாம் முடிஞ்ச ஒரு ராத்திரி கிறிஸ் வாட்சன்கிட்ட திரும்பப் போங்க. நீராவி சம்மட்டி லூப்போட ஆரம்பிச்ச அந்த மனுஷன் பின்னாடி உலகத்துலயே பேர் பெற்ற வனவிலங்கு ஒலிப்பதிவாளர்கள்ல ஒருத்தரானார், டேவிட் அட்டன்பரோவோட பிபிசி நிகழ்ச்சிகள்ல கேட்ட பறவைச் சத்தம் நிறைய இவர் பதிவு பண்ணது. ஒரு பிபிசி ரயில் நிகழ்ச்சிக்காக மெக்சிகோவோட ஒரு கடற்கரையிலருந்து மறு கடற்கரை வரைக்கும் ரயில்ல போனப்ப பதிவு பண்ணதை வச்சு 2011-ல எல் ட்ரென் ஃபாண்டஸ்மான்னு ஒரு ஆல்பம் போட்டார், ஆல்பம் வர்றதுக்குள்ள அந்தப் பயணிகள் ரயில் நின்னு போயிருந்துச்சு. முதல் வாரம் ஏழு நாள் கேட்டீங்களே பாட்டின்யோல் ஸ்டேஷன் ரயில், அதை ஒரு தடவை போட்டுட்டு, வால்யூமைத் தொடாம, உடனே இந்த ரயிலைப் போடுங்க.